மூன்று ஜெயில், ஒரு சட்டை

எங்கள் ஊருக்கு ஒரு ஜெயிலின் பெயர். அந்த ஜெயிலுக்கு அதைக் கட்டிய வெள்ளைக்காரத் துரையின் பெயர். பென்கார்த். இங்கிலாந்துக்காரர் என்று சொன்னால் அந்தக் குடும்பத்துக்குக் கோபம் வருமாம், வேல்ஸ்காரர் என்றுதான் சொல்ல வேண்டுமாம். இதெல்லாம் போன மாசி மாதம்வரை எங்களுக்குத் தெரியாது. அந்தமானின் தலைநகரத்துக்கே பெயரை மாற்றிவிட்டார்கள், போர்ட் பிளேயர் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. எங்கள் ஊர்ப் பெயரை மாற்ற மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. இப்படி ஓர் ஊர் இருப்பது ஞாபகம் இருந்தால்தானே தோன்றும்.

ஜெயில் என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். சில அறைகள், சுற்றி மதில், கூரை கிடையாது. ஓர் அறையில் என் கணவர் சிமெண்ட் மூட்டை அடுக்கியிருக்கிறார். ஒன்றில் மீன் பிடிக்கிற லூர்துநாதனின் வலை கிடக்கிறது. ஒன்றில் கொப்பரை காய்கிறது. மற்றதில் ஆடுகள் ஆயுள் தண்டனை அனுபவிக்கின்றன. தப்பிக்க முயன்றதாகத் தெரியவில்லை.

என் பெயர் நளினி. கரையோரம் டீயும் சாப்பாடும் போடுகிற கடை வைத்திருக்கிறேன். ஊரில் நடப்பதெல்லாம் என் கடை வாசலில்தான் நடக்கும், அதனால் இந்தக் கதையைச் சொல்ல என்னைவிட லாயக்கான ஆள் கிடையாது. கணவர் ஈஸ்வரன் காண்டிராக்டர். மதுரைப் பக்கம். எதைப் பார்த்தாலும் மனசுக்குள் எஸ்டிமேட் போடுவார். கல்யாணத்தன்று என்னைப் பார்த்தபோதும் போட்டிருப்பார் என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

ஊருக்குச் சாலை இல்லை. பின்னால் காடு, முன்னால் சேறு. பக்கத்து டவுன் பெரார்கஞ்சுக்கோ ஆஸ்பத்திரிக்கோ எங்கே போவதானாலும் படகுதான். படகு அணைகிற ஜெட்டி ஒன்று இருந்தது, சுனாமியில் போய்விட்டது. அதிலிருந்து கடல் வற்றுகிற நேரத்தில் எந்தப் படகும் கரைக்கு வராது. போன வருஷம் பக்கத்து வீட்டு ரூபாவுக்குப் பிரசவ வலி எடுத்தபோது தண்ணீர் ஏறட்டும் என்று படகு காத்திருந்தது, குழந்தை காத்திருக்கவில்லை. நீலமாகப் பிறந்தது, அழவே இல்லை. அதைத் துணியில் சுற்றிக் கொடுத்தது நான்தான். அந்தக் கோபம் இன்னும் எனக்கு ஆறவில்லை. இப்போது லூர்துநாதனின் மகள் சுபிதா தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். அவள் வயிற்றைப் பார்க்கிறபோதெல்லாம் ஊர்க்காரர்கள் கண் தானாகக் கடல் பக்கம் போகும்.

மாசியில் ஒருநாள் தகவல் வந்தது. பென்கார்த் குடும்பத்து அம்மாள் ஒருத்தர் வேல்ஸிலிருந்து வருகிறார், தங்கள் பெயரில் இருக்கும் ஜெயிலைப் பார்க்க வேண்டுமாம், கூடவே போர்ட் பிளேயரிலிருந்து ஓர் அதிகாரியும் வருகிறார். அதிகாரி வருகிறார் என்றால் அந்தமானில் என்ன செய்வார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். சுண்ணாம்பும் காவியும். அசையாமல் நிற்கிற எதற்கும் மேலே வெள்ளை, கீழே காவி. என் கணவர் தென்னை மரங்களுக்கு அடித்தார், பாதையோரக் கல்லுக்கு அடித்தார். மிச்சம் இருந்ததே என்று ஜெயிலுக்கும் அடித்துவிட்டார். எத்தனையோ வருஷப் பாசி பிடித்து ஒரு மாதிரி கம்பீரமாக நின்றுகொண்டிருந்த சுவரெல்லாம், நேற்றுத் திறந்த ரேஷன் கடை போல ஆகிவிட்டது.

அம்மாள் வந்த நேரம் கடல் வற்றிக் கிடந்தது. வேறு எப்படி இருக்கும். என் கடை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, இரண்டு பேர் முழங்கால் சேற்றில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பெயர் எலுனெட் பென்கார்த். எண்பது வயதிருக்கும், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தொப்பி, கைத்தடி, நல்ல கணீர் குரல். பின்னால் அந்த அதிகாரி, தேவேந்திரன், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார்.

கரையில் பென்னி படகுக்குத் தார் பூசிக்கொண்டிருந்தான். லூர்துநாதனின் மகன். சரக்குக் கப்பலில் இன்ஜின் அறையில் வேலை, லீவில் வந்திருந்தான். போட்டிருந்தது கப்பல் கம்பெனி கொடுத்த சட்டை. நெஞ்சில் பெரிதாக 'பி. பென்கார்த்' என்று ஆங்கிலத்தில் தைத்திருந்தது.

இதற்கு ஒரு விளக்கம் தேவை. நமக்கு ஏது சர்நேம்? அப்பா பெயரை ஓர் எழுத்தாக்கி முன்னால் மாட்டிக்கொண்டு காலத்தை ஓட்டுகிறவர்கள் நாம். பென்னிக்குப் பாஸ்போர்ட் எடுக்கும்போது ஏஜெண்ட் கறாராகச் சொல்லிவிட்டான், சர்நேம் இல்லையென்றால் கப்பலில் ஏற்ற மாட்டார்கள் என்று. லூர்துநாதன் தன் பெயரைக் கொடுத்திருக்கலாம். அதைத்தான் ஏற்கெனவே அப்பா பெயர் என்று எழுதியாகிவிட்டதே, ஒரே பெயரை இரண்டு தடவை எழுதுவானேன் என்று நினைத்தார். "ஊர்ப் பேரப் போடுலே" என்று சொல்லிவிட்டார். போட்டார்கள். அன்றிலிருந்து உலகத்துத் துறைமுகங்களில் எல்லாம் அவன் மிஸ்டர் பென்கார்த்.

எலுனெட் அம்மாள் நாற்காலியிலிருந்து இறங்கினார். அவன் நெஞ்சைப் பார்த்தார். மறுபடி பார்த்தார். கைத்தடியைக் கீழே போட்டுவிட்டு, தார் ஒட்டிய அவன் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். பென்னிக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்து, "நோ மேடம்" என்று தொடங்கும்போது என் கணவர் பக்கத்தில் போய் நின்று அவன் காலை மிதித்தார். நான் பார்த்தேன். எஸ்டிமேட் ஓடுகிற முகம் எனக்குத் தெரியாதா.

அம்மாளைக் கடையில் உட்கார வைத்து டீ கொடுத்தேன். அவர் சொன்னதைப் பென்னி தமிழில் சொன்னான்.

"அவங்க குடும்பத்து பேர்ல மூணு ஜெயில் இருக்காம் ஆன்ட்டி. ஒண்ணு வேல்ஸ்ல, இவங்க தாத்தா வித்த நெலத்துல கட்டினதாம். ஒண்ணு ஆஸ்திரேலியாவுல. மூணாவது நம்மளோடது. ஒரு ஆஸ்பத்திரி கெடையாது, பள்ளிக்கூடம் கெடையாது, பாலம்கூட கெடையாதாம். மூணும் ஜெயிலுதானாம்."

"மூணுலயும் இதுதான் சுத்தமா இருக்குன்னு சொல்லு" என்றார் என் கணவர்.

அம்மாள் வெளியே எட்டிச் சுண்ணாம்புச் சுவரைப் பார்த்துவிட்டு ஏதோ கேட்டார். பென்னி சிரிப்பை அடக்கிக்கொண்டு, "மறுபடியும் தெறந்துட்டீங்களான்னு கேக்காங்க" என்றான்.

அவர் மேலும் சொன்னது இதுதான். குடும்பத்தில் மிஞ்சியிருப்பது அவர் ஒருத்தர். அவரோடு பெயர் முடிந்தது, ஜெயில்கள் மட்டும் இருக்கும். இந்த ஜெயிலைக் கட்டிய கேப்டனுக்கு அந்தமானில் ஒரு பெண்ணோடு தொடுப்பு இருந்ததாக வீட்டில் பெரியவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவார்களாம். இன்று அந்தச் சட்டையைப் பார்த்ததும் அது உண்மை என்று தெரிந்துவிட்டதாம். கேப்டன் செய்ததற்கு வெட்கப்படுகிறாராம். ஆனால் தனக்கு ஒரு சொந்தம் இருப்பதில் சந்தோஷமாகவும் இருக்கிறதாம். இரண்டையும் ஒரே நேரத்தில் எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியவில்லையாம். பாவமாக இருந்தது எனக்கு.

தேவேந்திரன் அதுவரை காலில் ஒட்டிய சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார். "டைரக்ட் வாரிசா? அரே வா!" என்றார். "இது பெரிய ஸ்டோரி ஆச்சே. நாளைக்கு எல்லார் முன்னாடியும் ஒரு வீடியோ எடுத்துரலாம். டூரிஸ்டு வருவாங்கன்னு காட்டினா ஜெட்டி சாங்ஷன் பக்கா. நான் பார்த்துக்கறேன்."

சாயங்காலம் லூர்துநாதனைக் கடைக்கு வரச் சொல்லி என் கணவர் திட்டத்தை விளக்கினார். லூர்துநாதன் தூத்துக்குடிக் கடற்கரைக்காரர். பிறந்தது இங்கேதான் என்றாலும் பேச்சு, கோபம், மீன்குழம்பு மூன்றும் தூத்துக்குடி. அவர் அம்மா தங்கம்மா போன வருஷம்தான் காலமானார்.

"தம்பி, ஒண்ணும் பெருசா வேணாம்" என்றார் என் கணவர். "உங்க அம்மாவுக்குப் பூனைக்கண்ணு. ஊருக்கே தெரியும். அந்தம்மா பாட்டி கேப்டன் வீட்டு அடுப்படியில வேலை பாத்துச்சு, அப்படியே வந்த வம்சம். நாளைக்கு அவங்க கேக்கும்போது ஆமான்னு தலையை ஆட்டு. அவ்வளவுதான், காம் கதம், வேலை முடிஞ்சுது."

"எங்கம்ம பாட்டிய தொரைக்கு வச்சிருக்கச் சொல்லுதிய" என்றார் லூர்துநாதன்.

"வச்சிருக்கச் சொல்லலப்பா, வச்சிருந்ததாச் சொல்லச் சொல்றேன்."

"அண்ணே, வேற யாரும் இதச் சொல்லியிருந்தா மூஞ்சியப் பேத்திருப்பேன்."

"ஜெட்டி காண்டிராக்ட் உங்களுக்குத்தானே வரும்" என்றேன் நான் என் கணவரிடம். "உங்க அம்மாவை கேப்டனுக்குப் பேத்தியாக்குங்களேன். அவங்களும் சிவப்புதான்." அவர் காதில் விழாதது போல இருந்துவிட்டார்.

லூர்துநாதன் எழுந்து போயிருப்பார். கூட வந்திருந்த அவர் மனைவி அமுதம்தான் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். இது எனக்கு ஆச்சரியமில்லை. மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒரே அடுப்பில் முப்பது வருஷச் சண்டை. பூனைக்கண்ணி என்ற பட்டத்தை ஊரெல்லாம் பரப்பியதே அமுதம்தான். சாகக் கிடந்தபோதுகூட, கஞ்சியில் உப்பில்லை என்று கிழவி சொல்ல, போகிற இடத்தில் போட்டுத் தருவார்கள் என்று இவள் சொன்னாள்.

"செத்தவளுக்கு என்ன மானம்ங்க" என்றாள் அமுதம். "உயிரோட இருக்கவளப் பாருங்க. சுபிதாவுக்கு ரூபா மாதிரி ஆச்சுன்னா? அன்னைக்கு ஒங்கம்ம மானம் வந்து படகு தள்ளுமா?"

லூர்துநாதன் தரையைப் பார்த்துக்கொண்டே, "ஆமான்னு மட்டும் சொல்லுவேன். வேற ஒரு வார்த்த கேக்கப்படாது" என்று சொல்லி எழுந்து போனார். அவர் நடந்து போனதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் காலை கடை வாசலில் ஊரே கூடிவிட்டது. கூட்டத்துக்கு ஓரமாக அமுதமும் நானும் விருந்துக்கு மீன் சுத்தம் செய்துகொண்டிருந்தோம். எலுனெட் அம்மாள் நல்ல உடுப்புப் போட்டிருந்தார். லூர்துநாதன் ஈஸ்டருக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். தேவேந்திரன் போனைத் தூக்கிப் பிடித்து, "ரெடி, சலோ" என்றார்.

அம்மாள் மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டார். அதைத் தன் அப்பாவிடம் தமிழில் கேட்க வேண்டியவன் பென்னி. அவன் முகம் போன போக்கை நான் சொல்லவேண்டியதில்லை.

"அப்பா... பாட்டி... கேப்டன் வழியில வந்தவங்களான்னு கேக்காங்க. அவங்க குடும்பத்து ஆளு பாட்டியோட பாட்டிக்குக் கொடுமை செஞ்சிருந்தா... அதுக்கு இவங்க மன்னிப்பு கேக்கணுமாம்."

லூர்துநாதன் கடலைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். வாயைத் திறந்தார். மூடினார். என் கணவர் தலையை ஆட்டி ஆட்டிக் காட்டினார். லூர்துநாதன் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. மறுபடி வாயைத் திறந்து, "ஆ" என்றார்.

என் பக்கத்தில் பாத்திரம் உருண்டது. செதில் ஒட்டிய கையோடு அமுதம் எழுந்து முன்னால் போய்விட்டாள்.

"ஏங்க, வாய மூடுங்க" என்றாள் புருஷனிடம். பிறகு மகனிடம், "லே பென்னி, நான் சொல்லுதத ஒண்ணு விடாமச் சொல்லு. எங்க மாமி பூனைக்கண்ணிதான். அத நான் சொல்லலாம். அவ கொழம்பு வாயில வைக்க வெளங்காதுன்னும் நான் சொல்லலாம். அவகூட மல்லுக்கட்டுனவ நான். இன்னொருத்தி சொல்லப்படாது, சொல்ல வுடமாட்டேன். இந்தத் தீவுல பாதிப்பேரு தாத்தனுக்கு வெலங்கு போட்டுக் கொண்டாந்தாவ. மிச்சப் பேர கவர்மெண்டு கூட்டிட்டு வந்துச்சு. எங்க மாமிய ஒருத்தனும் கொண்டாரல. மெட்ராஸ்ல டிக்கெட் எடுத்துக் கப்பல் ஏறி வந்தா, இந்த மனுசன வயித்துல வச்சுக்கிட்டு. வந்து எறங்குன மூணாம் நா காடு வெட்டப் போனா. அவளுக்குத் தொரையும் கெடையாது, கேப்டனும் கெடையாது. எனக்கு ஜெட்டி வேணும். எம்மவளுக்காக வேணும். ஆனா அவள இல்லன்னு ஆக்கிட்டு வேண்டாம்."

என் கணவர் அவசரமாகக் குறுக்கே புகுந்து, "சாப், கொஞ்சம் எமோஷனல் ஆயிட்டாங்க, கட் பண்ணிட்டு மறுபடி எடுப்போம்" என்றார். நான் கையிலிருந்த மீன் வாலை அவர்மேல் எறிந்தேன். குறி தப்பி தேவேந்திரன் சட்டையில் விழுந்தது. அதற்கு எனக்கு வருத்தமில்லை.

பென்னி எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொன்னான். சட்டைப் பெயர் எப்படி வந்தது என்பதையும் சொன்னான். சொல்லி முடித்ததும் எலுனெட் அம்மாள் கைத்தடியை இறுகப் பிடித்தார். கோபப்படப் போகிறார் என்று நினைத்தேன். திடீரென்று சிரித்தார். இருமல் வருமளவுக்குச் சிரித்தார், நான் தண்ணீர் கொடுக்க வேண்டியிருந்தது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏதோ சொன்னார். கடைசியில் அவர் குரல் உடைந்தது.

"எங்க பேரோட எத்தனையோ பேர் இருந்திருக்காங்க, எல்லாரும் உள்ள பூட்டினவங்கன்னு சொல்றாங்க" என்றான் பென்னி. "கேட்டு வாங்கினது நான் ஒருத்தன்தானாம். அதுவும் காலியா இருந்த கட்டத்த நிரப்புறதுக்கு." கொஞ்சம் தயங்கிவிட்டுத் தொடர்ந்தான். "ராத்திரி பூரா அவங்க தூங்கலையாம். நம்ம குடும்பத்துக்கு அவங்க ஆளு என்ன கொடுமை பண்ணியிருப்பாருன்னே நெனச்சிட்டு இருந்தாங்களாம். ஒண்ணும் பண்ணலன்னு கேக்க சந்தோஷமாம். ஆனா இப்ப மறுபடியும் தனியா ஆயிட்டாங்களாம்."

தேவேந்திரன் போனைப் பையில் போட்டார். சட்டையைத் தட்டிக்கொண்டே, "ரத்த சம்பந்தம் இல்லேன்னா ஹெரிடேஜ் ஆங்கிள் நிக்காது மேடம்" என்றார். அம்மாள் திரும்பி அவரிடம் ஒரு கேள்வி கேட்டார். அது எனக்கே புரிகிற ஆங்கிலம். இந்த ஜெயிலுக்கு எங்கள் பெயரை வைத்தபோது ரத்தம் பார்த்தா வைத்தார்கள்? ஜெட்டிக்காகத் தன் கடைசி மூச்சுவரை கடிதம் எழுதப் போவதாகவும், தனக்கு வேறு வேலை இல்லை என்றும் சொன்னார். தேவேந்திரன், "ஷ்யூர் மேடம், புட் அப் பண்றேன்" என்றார். புட் அப் என்றால் பைல் தூங்கப்போகிறது என்று காண்டிராக்டர் பெண்டாட்டியான எனக்குத் தெரியும். இன்றுவரை ஜெட்டி வரவில்லை. கடிதங்கள் வந்துகொண்டிருப்பதாகக் கேள்வி.

ஊர் கலைந்தது. சிலர் அமுதத்தை முறைத்துக்கொண்டே போனார்கள், அதில் சுபிதாவின் புருஷனும் ஒருத்தன். லூர்துநாதன் அதே நாற்காலியில் உட்கார்ந்து, பெண்டாட்டியைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். இனி அவர்களுக்கு ஒரே வழிதான், சுபிதாவை இப்போதே போர்ட் பிளேயருக்குக் கூட்டிப்போய் ஒரு ரூம் எடுத்துத் தங்க வைக்க வேண்டும். லூர்துநாதனும் பென்னியும் சுபிதாவின் புருஷனும் கடலுக்குப் போகிறவர்கள். அமுதம் போனால் ஆட்டையும் வீட்டையும் மீனையும் யார் பார்ப்பது?

புறப்படுமுன் எலுனெட் அம்மாள் தங்கம்மாவின் கல்லறைக்குப் போக வேண்டும் என்றார். தகரம் போட்ட மாதா கோயிலுக்குப் பின்னால் சிலுவை நட்ட மண்மேடு. அமுதமும் பென்னியும் நானும் கூடப் போனோம். என் கணவர் அங்கும் ஒரு வாளி சுண்ணாம்போடு முன்னால் போயிருந்தார், விரட்டிவிட்டேன்.

அம்மாள் தொப்பியைக் கழற்றினார். முதலில் அவர்கள் வேல்ஸ் பாஷையில் ஏதோ சொன்னார், அது பென்னிக்கும் தெரியாது. பிறகு ஆங்கிலத்தில் சொன்னார்.

"பாட்டிகிட்ட மன்னிப்பு கேக்காங்கம்மா" என்றான் பென்னி. "அவங்க பாட்டுக்கு வந்து அவங்க பாட்டுக்கு வாழ்ந்த மனுஷிய, யாருன்னே தெரியாம எங்க வீட்டு ஆளுன்னு நெனச்சுட்டேன். நேத்து ஒருநாள் அவங்கள அப்படி நெனச்சதுக்கு மன்னிச்சிருங்கன்னு சொல்றாங்க."

அம்மாளைப் பென்னி மெல்லக் கைப்பிடித்துக் கூட்டிப் போனான். நானும் திரும்பினேன். அமுதம் வரவில்லை. மண்மேட்டின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டிருந்தாள்.

"ஒருநா நெனச்சதுக்கு அவ மன்னிப்பு கேக்கா நளினிக்கா. நான் ஒருநாளும் கேக்கல."

"சரி, எந்திரி" என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. மண்ணில் ஓங்கி ஓர் அடி அடித்தாள்.

"ஏ மாமி, எம்மவளத் தனியா ஒரு ரூமுல கொண்டு போட்டுட்டு வரப்போறேன். அவளுக்கு வலி எடுத்தா முதுகத் தேய்க்க ஆளு இல்ல. நீ இருந்தா நான் கேக்கவே வேண்டாம், பொட்டியத் தூக்கிட்டு மொத ஆளா நீ போயிருப்ப. போறப்போ என்னையத் திட்டிட்டும் போயிருப்ப." அதற்குமேல் பேச வரவில்லை. வாய்விட்டு அழுதாள். கிழவி செத்த அன்றுகூட அவள் அப்படி அழுது நான் பார்க்கவில்லை.

எழுப்பலாம் என்று கையைப் பிடித்தேன். "விடுங்கக்கா" என்றாள். விட்டுவிட்டு நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.